பள்ளிக்கூடம் இங்கே, வீடு எங்கே?

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஒரு படிப்பு வட்டம் நடத்துகிறோம். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிளாக்கின் கீழே இருக்கிற காலி இடத்தில் பாயை விரித்து உட்காருவோம். பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். போன மாதம் ஒரு பெண் வரவில்லை. நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். வீடு தேடிப் போய்க் கேட்டேன்.

"காலேஜ நிறுத்திட்டேன்க்கா. காலைல அஞ்சரைக்குக் கெளம்புனாத்தான் மொதோ பீரியடு கெடைக்கும். பஸ் வராத அன்னிக்கு அதுவும் போயிடுது. அட்டெண்டன்ஸ் பத்தலன்றாங்க. அம்மாவும் அதே பஸ்லதான் மயிலாப்பூர் வீட்டு வேலைக்குப் போவுது. ரெண்டு பேரும் தொங்கினு போறோம். தம்பிக்கு சோறாக்கிக் குடுக்க ஆளில்ல. நான் வீட்ல நின்னுட்டேன்."

அழவில்லை. வேறு யார் கதையையோ சொல்வது மாதிரி சொன்னாள்.

'நல்லாப் படி, படிச்சு இந்த எடத்தைவிட்டு வெளிய போயிடு' என்றுதான் நம் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். வாத்தியார் சொல்கிறார், என்.ஜி.ஓ.காரர் சொல்கிறார், பெத்தவங்களும் சொல்கிறார்கள். 'படி, வேலைக்குப் போ, இங்கேயே இரு' என்று ஒருவரும் சொல்வதில்லை. மயிலாப்பூர் மாடவீதிக்காரரின் பிள்ளை படித்தால் அந்தத் தெருவுக்கே பெருமை. நம் பிள்ளை படித்தால் தெருவை விட்டு ஓட வேண்டும். இந்த யோசனை நம் தலைக்குள் எப்போது, எப்படி வந்தது? நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இதன் பின்னால் இருக்கிறது.

1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் அயோத்திதாசர் எழுந்து நின்றார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். அவையில் சத்தம். உங்களுக்குத்தான் காட்டேரியும் மதுரைவீரனும் இருக்கிறதே என்று ஒருவர் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு கோரிக்கைகளை வைத்தார். ஒன்று, நம் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசப் படிப்பு. இன்னொன்று, ஊர் ஊருக்குத் தரிசாகக் கிடக்கும் நிலம். இதெல்லாம் பண்டிதரே பின்னாளில் எழுதிவைத்தது. கோயில் கதவைப் பற்றித்தான் நாம் மேடையில் அதிகம் பேசுகிறோம். எனக்கு அந்த இரண்டாவது மூச்சுதான் முக்கியமாகப் படுகிறது. நிலத்தையும் பள்ளிக்கூடத்தையும் அவர் ஒரே மூச்சில் கேட்டார். ஒன்று இல்லாமல் இன்னொன்று நிற்காது என்பது ராயப்பேட்டையில் குடியிருந்த அந்தச் சித்த வைத்தியருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரன் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தான். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892 செப்டம்பரில் நிலத்துக்கான அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அது இதுதான். பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பேர் வாங்கிய கல்வி அரசாணை 1893 பிப்ரவரியில் வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தலைமையிடம் எது தெரியுமா? நம்ம சைதாப்பேட்டை. நாம் அன்றாடம் பஸ் ஏறி இறங்குகிற ஊரிலிருந்துதான் அந்த நிலக் கதை கிளம்பியது.

அந்த நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அது எப்படியெல்லாம் கைமாறிப்போனது என்று இங்கே எழுதப் புகுந்தால் பக்கம் போதாது. காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். இந்த ஏட்டைப் படிப்பவர்களுக்கு அதை நினைவூட்ட வேண்டியதில்லை.

பள்ளிக்கூடக் கதைக்கு வருவோம். அடையாற்றில் தலைமையகம் வைத்திருந்த பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட், 1894-இல் ஊரூர் பக்கத்தில் பஞ்சமர்க்கான முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்தவர். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று பள்ளிகள் பரவின. தேனாம்பேட்டைப் பள்ளிக்கு தாமோதர் பெயர். மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். அந்தப் பெயர் பொருத்தம்தான். குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரை கையில் சேர்த்தது ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். சமையல்கட்டு வழியாக வந்த குறள்!

இந்தப் பள்ளிகளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அங்கே கிடைத்தது தொடக்கக் கல்விதான். எழுத, படிக்க, கணக்குப் போட. ஆல்காட் 1907-இல் இறந்த பிறகு சபைத் தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட், சேரிப் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது, அவர்கள் உடம்பு சுத்தமாகவே சில தலைமுறை ஆகும் என்கிற தோரணையில் 1909-இல் எழுதினார். அந்த அம்மா பெயரில் இன்றைக்குப் பெரிய நகரே இருக்கிறது. ஆல்காட் பெயரில் அதே நகரை ஒட்டிக் கடலோரத்தில் ஒரு குப்பம் இருக்கிறது. கூடவே பள்ளியும் இருக்கிறது.

குறைகளைச் சொன்னேன். ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பள்ளிகள் இன்றைய திட்டங்களைவிடப் புத்திசாலித்தனமாக இருந்தன. சேரி இருந்த இடத்துக்குப் பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகவில்லை. காலையில் அப்பனும் ஆத்தாவும் துரை வீட்டுக்கும் அக்கிரகாரத்து மாட்டுக் கொட்டகைக்கும் போனால், பிள்ளை நாலு சந்து தள்ளி அகரம் படித்தது. வேலை, வீடு, படிப்பு மூன்றும் ஒரு நடை தூரத்துக்குள் இருந்தன. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் பிள்ளைக்கு ஓர் அணா கணக்கில் மதிய உணவு போட்டார்களே, அதுவும் பிள்ளை இருக்கிற இடத்தில்தான் போட்டார்கள்.

எங்கள் ஆயாவோட அப்பா தேனாம்பேட்டையில் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ படித்தாராம். "எங்கப்பன் கையெழுத்துப் போடுவாரு, கைநாட்டு கெடையாது" என்று ஆயா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தப் பள்ளி என்று அதற்குத் தெரியாது. 'பஞ்சம இஸ்கூலு' என்று மட்டும் சொல்லும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எம்.ஏ. படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் குடிசை மந்தைவெளிக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தது. நைனா தி.நகரில் மீன்பாடி வண்டி ஓட்டினார். ஆயாவும் அம்மாவும் மயிலாப்பூரில் நாலு நாலு வீட்டில் வேலை. 2001-இல் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அரைப் பரீட்சை முடிஞ்ச நேரம். லாரி வந்து நின்றது. ஆயா ரேஷன் கார்டை ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு, "இன்னாத்துக்குடா இட்னு போறீங்க, புள்ளைங்க பரிச்ச எழுதட்டும்டா" என்று லாரிக்காரனிடம் கெஞ்சியது. அவன் என்ன செய்வான், பாவம். அவனும் நம்ம ஆளாத்தான் இருந்திருப்பான்.

கண்ணகி நகரில் இறக்கிவிட்டார்கள். ஒரே ரூம். வீடு என்று சொன்னார்கள். சிமெண்டு வாசனை அடித்தது. மழை வந்தால் ஒழுகாது என்று அம்மாவுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பிளாக்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அண்ணனுக்கான ஒன்பதாம் வகுப்பு இல்லை. பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போனான். ரெண்டு மாசம். அப்புறம் பெயிண்டிங் வேலைக்குப் போனான். நைனாவின் வண்டி தி.நகரில் ஒரு கடை ஓரம் சங்கிலி போட்டு நின்றது. தினம் போய்வரக் கட்டுப்படியாகவில்லை. வண்டியை விற்றுவிட்டார். அதுக்கப்புறம் அவர் பழைய நைனாவாக இல்லை.

என்னை மட்டும் அத்தை மயிலாப்பூரிலேயே வைத்துக்கொண்டது. பத்துக்கு எட்டு வாடகை ரூம். அதில் அத்தை, மாமா, அவர்களின் மூன்று பிள்ளைகள், ஆறாவதாக நான். அங்கிருந்து நடந்து பள்ளிக்கூடம், நடந்து கல்லூரி. கூட்டங்களில் என்னை 'முதல் தலைமுறை பட்டதாரி, விடாமுயற்சியால் முன்னுக்கு வந்தவர்' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கும். அண்ணன் என்னைவிட நல்லாப் படிப்பான். கணக்கில் புலி. அவனுக்கு அத்தை ரூமில் படுக்க இடமில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வயசுப் பையன், வயசுக்கு வரப்போகிற பொண்ணுங்க இருக்கிற ரூம் என்று அத்தை தயங்கியது.

இப்போது சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியது. 1971-இல் சட்டம் வந்தது. குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தை முடிந்தவரை அங்கேயே மேம்படுத்த வேண்டும், நினைத்தபோது ஆட்களை வெளியேற்றக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். 1971-இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் இன்னும் 17. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுமில்லை. ஆரம்ப காலத்தில் நொச்சிக்குப்பம் மாதிரி இடங்களில் இருந்த இடத்திலேயே மாடி கட்டினார்கள். அது ஒழுகியது, காரை பெயர்ந்தது, ஆனாலும் மயிலாப்பூரிலேயே ஒழுகியது! 2000-க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகரில் 15,656 வீடுகள். செம்மஞ்சேரியில் 6,764. பிறகு பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். 2021-இல் வாரியத்தின் பெயரிலிருந்து 'குடிசை'யை எடுத்துவிட்டு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' என்று வைத்தார்கள்.

காரணம் கேட்டால் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்பார்கள். சரி, பேசுவோம். தியாகராய நகர் எதன் மேல் நிற்கிறது? 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்து, மனை போட்டு, தெரு பிரித்து உண்டாக்கிய நகர் அது. பறக்கும் ரயில் எங்கே ஓடுகிறது? பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு 1997-இல் மயிலாப்பூர் வரை கொண்டுவந்தார்கள். கால்வாய்க்குள் தூண் இறங்கினால் வளர்ச்சி, கால்வாய்க் கரையில் ஓலை வேய்ந்தால் ஆக்கிரமிப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ள ஆபத்து என்று சொல்லி அடையாற்றங்கரை மக்களை எங்கே கொண்டுபோனார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கு. அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது.

2022 மே மாதம் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். ராஜா அண்ணாமலைபுரம் இளங்கோ தெரு, கோவிந்தசாமி நகர். நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மே 5-ஆம் தேதியும் பத்தாம் வகுப்புக்கு மே 6-ஆம் தேதியும் தொடங்கியிருந்தது. பரீட்சை முடியட்டும் என்று கேட்டார்கள். என் ஆயா 2001-இல் கேட்ட அதே வார்த்தை. மே 8-ஆம் தேதி ஒரு பெரியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டார், மறுநாள் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் இடிப்பு நின்றது. அவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மயிலாப்பூரில் இடமிருக்கிறது என்பது அன்றைக்கு அரசாங்கத்தின் வாயாலேயே வந்தது. ஓர் உயிர் போனபிறகு வந்தது.

இதோடு 2003-ஐ வைத்துப் பார்க்க வேண்டும். ராணி மேரிக் கல்லூரி இடத்தில் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அன்றைய அரசு சொன்னது. 1914-இல் தொடங்கிய கல்லூரி. மாணவிகள் நகர மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்தார்கள். ஊரே அவர்கள் பக்கம் நின்றது, பத்திரிகைகள் எழுதின, தலைவர்கள் வந்தார்கள். கல்லூரி பிழைத்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அதே இரண்டாயிரங்களில், அதே கடற்கரையிலிருந்தும் கால்வாய்க் கரையிலிருந்தும் எத்தனை லாரிகள் தெற்கே போயின? அதில் எத்தனை பள்ளிக்கூடப் பைகள் போயின? அதற்கு ஊர் எதுவும் திரளவில்லை.

தோழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: அம்பேத்கர் கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னவர் ஆயிற்றே, நீ என்ன 'இருந்த இடத்திலேயே இரு' என்று பேசுகிறாய்? நியாயமான கேள்வி. பாபாசாகேப் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிப் பேசியது நமக்கெல்லாம் தெரியும். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்திருக்கிற அமைப்பைத்தான் அவர் வெறுத்தார். சட்டமும் கூலியும் கல்லூரியும் இருக்கிற நகரத்துக்கு வரச் சொன்னார். வந்தோம். நம் பாட்டன் பூட்டன்கள் இந்த நகரத்துக்குச் செங்கல் சுமந்தார்கள், சாக்கடை அள்ளினார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். இப்போது நகரத்துக்கு வெளியே இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அது என்ன? ஊருக்குத் தெற்கே ஒரு சேரி. மாடி வைத்த சேரி. நாம் விட்டு ஓடிவந்த கிராமத்தை நகரம் நமக்காக மறுபடி கட்டிக் கொடுத்திருக்கிறது. இதில் நம் மக்களோடு மீனவர்களும் இருக்கிறார்கள், ஏழை முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஆனால் அடுக்கிவைத்த வரிசையைப் பார்த்தால் அளவுகோல் யாருடையது என்று தெரியும்.

வேலைக்குப் போனால் விலாசம் முந்திக்கொண்டு பேசுகிறது. தி.நகரில் ஒரு பெரிய கடையில் என் சித்தப்பா மகள் பில் போடுகிற வேலைக்குப் போனாள். பிளஸ் டூ, கம்ப்யூட்டர் தெரியும். ஆதார் அட்டையைப் பார்த்தார்கள். "கண்ணகி நகரா? சொல்லி அனுப்புறோம்மா." இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அதே கடைத்தெருவில் வேலைக்குத் தென்மாவட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விடுதியில் அடைத்து வைப்பார்கள். அவர்களும் நம் பிள்ளைகள்தான், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. உட்காரக்கூட நாற்காலி இல்லாமல் நின்றவர்கள் அவர்கள். விற்பனைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை என்று 2021-இல்தான் சட்டமே வந்தது. சொந்த ஊரில் வேலை இல்லாமல் அவள் இங்கே வருகிறாள், சொந்த ஊரில் இருக்கிறவளுக்கு இங்கே வேலை இல்லை. இரண்டு பேரும் வேரோடு இருந்தால் முதலாளிக்கு என்ன கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் அம்மா அப்பா இருக்கிற பெண் சங்கம் வைப்பாள், சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகணும் என்பாள்.

2021-இல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனது. 2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது. இரண்டும் உதவிதான், சும்மா குறை சொல்ல மாட்டேன். எங்கள் வட்டத்தில் மூன்று பெண்கள் அந்த ஆயிரத்தால்தான் சேர்ந்தார்கள். ஆனால் பஸ் இலவசமாக இருந்து என்ன, அது எடுத்துக்கொள்கிற நாலு மணி நேரத்தை எந்தத் திட்டம் திருப்பித் தரும்?

இன்னொரு விஷயத்திலும் நான் உண்மையாகப் பேச வேண்டும். போன வருஷம் வரை, 'நாம் மயிலாப்பூருக்குத் திரும்ப வேண்டும்' என்றுதான் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கண்ணகி நகரில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "அக்கா, நான் இங்கதான் பொறந்தேன். எனக்கு மயிலாப்பூர்ல இன்னா கீது?" எனக்குப் பதில் வரவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் ஊரே அவளைச் சொல்லியது. எந்த விலாசத்தைப் பார்த்து என் தங்கச்சிக்கு வேலை தரவில்லையோ அந்த விலாசம். அவள் இடத்தை விட்டு வெளியேறி ஜெயிக்கவில்லை. அங்கே இருக்கிற மண்ணில் விளையாடி ஜெயித்தாள்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. கரையில் இன்னும் மிச்சம் இருக்கிறவர்களை நகர்த்தாதே, அங்கேயே கட்டு. ஏற்கெனவே நகர்த்தப்பட்டவர்கள் இருக்கிற இடத்துக்குக் கல்லூரியைக் கொண்டுவா, வேலையைக் கொண்டுவா, 1894-இல் ஊரூருக்குப் பள்ளியைக் கொண்டுவந்த மாதிரி. கல்லூரி கட்டி முடிக்கிறவரை நகரத்துக்குள் விடுதிகளைக் கூட்டு. சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா பெயரில் மாணவர் விடுதி இருக்கிறது. அதில் தங்கிப் படித்து அதிகாரிகளானவர்கள், எழுத்தாளர்களானவர்கள் நமக்குள் எத்தனை பேர்! விடுதி என்பது சோறும் கட்டிலும் மட்டுமல்லவே. நம் பிள்ளைக்கு நகரத்தின் நடுவில் ஒரு விலாசம் அது. ஆனால் அது ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. பஸ்ஸில் தொங்குகிற பெண்ணுக்கு அப்படி எத்தனை இடம் இருக்கிறது?

அந்தப் பெண்ணின் கல்லூரிக்கு நானும் இன்னொரு தோழரும் போய்ப் பேசினோம். அபராதம் கட்டி, கடிதம் கொடுத்தால் அடுத்த செமஸ்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பணத்துக்கு நாலு பேரிடம் கேட்டிருக்கிறேன். மயிலாப்பூரில் தங்க இடம் கேட்டு எங்கள் அத்தையிடமும் பேசினேன். அத்தைக்கு இப்போது அறுபத்தெட்டு வயது, அதே ரூம், வாடகைதான் பத்து மடங்கு. "வரச் சொல்லு, படுத்துக்கட்டும்" என்றது. அவள் அம்மா இன்னும் யோசிக்கிறார்.

வருகிற ஞாயிறு படிப்பு வட்டத்தைப் பாயில் நடத்தப் போவதில்லை. கிருஷ்ணாம்பேட்டையில் தொடங்கி மயிலாப்பூர், தேனாம்பேட்டை வழியாக ஊரூர் வரை, அந்தப் பழைய பள்ளிகள் இருந்த பகுதிகளைப் பிள்ளைகளோடு நடந்து பார்ப்பதாக ஏற்பாடு. கோடம்பாக்கத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டோம், வெயில் தாங்காது. அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.